பழைய எவர்சில்வரின் தரபேதம்

பழைய இரும்புக் கடைத் தராசில் ஒன்றாகக் குவிந்து ஏறும் எவர்சில்வர்த் துண்டுகள் யாவும் உருக்காலை வாசலை அடைந்ததும் ஒரே விலை பெறுவதில்லை. அங்கே மதிப்பைப் பெரிதும் நிர்ணயிப்பது அவற்றில் கலந்துள்ள நிக்கலின் அளவே. நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்ட 304 என்னும் ரகம் பெருவழக்கு; 2 முதல் 3 பங்கு மாலிப்டினமும் சேர்ந்து உப்புநீரின் அரிப்பைச் சகிக்கும் 316 அதனினும் உயர்ந்தது; நிக்கல் அநேகமாக இல்லாத 430, காந்தத்தில் ஒட்டித் தன் சுபாவத்தைத் தானே வெளிப்படுத்திவிடும். சங்கடம் விளைவிப்பது 201: நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யப்பட்ட அதுவும் 304-ஐப் போலவே காந்தத்துக்கு வசப்படாது, 304-உம் வளைத்து அழுத்தி உருக்கொடுத்த இடங்களில் சிறிது காந்தத்தை நாடக்கூடும். ஆகையால் காந்தத்தை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்வது விவேகமன்று. எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தனிமங்களின் விகிதத்தைச் சில விநாடிகளில் காட்டும் கைக்கருவியே இத்தொழிலில் நம்பத்தக்க பிரமாணம்.