ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? பதறாமல் இருந்தால் உயிர் தப்பலாம்

தர்மபுரி,

காலையில் வேலைக்கு கிளம்புகிற அவசரம். வண்டியில் சாப்பாட்டு பை, பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை. முன்னால் போன பஸ் திடீரென நிற்கிறது. வண்டி ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை விடுகிறார். ஆனால் அது திரும்பி வரவில்லை. என்ஜின் கத்துகிறது. வண்டி நிற்காமல் பாய்கிறது.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் யாருக்கும் ஒரு நாள் இது நடக்கலாம். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்கு சுமார் 17 மீட்டர் தூரம் ஓடுகிறது. 'என்னடா ஆச்சு' என்று 3 வினாடி யோசித்தால் 50 மீட்டர் போய்விடும். அதனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் சிக்குகிறது?

கைப்பிடியை முறுக்கினால் கேபிளுக்குள் இருக்கும் கம்பி இழுபடும். அது கார்புரேட்டரில் உள்ள அடைப்பை தூக்கும். காற்றும் பெட்ரோலும் அதிகமாக உள்ளே போய் வேகம் கூடும். கையை விட்டதும் அடைப்பை பழைய இடத்துக்கு கொண்டு வருவது ஒரு ஸ்பிரிங். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலான வண்டிகளில் கேபிளும் ஸ்பிரிங்கும் அப்படியேதான் இருக்கின்றன.

கம்பி துருப்பிடித்தாலோ, ஒரு இழை அறுந்து உறைக்குள் மாட்டிக்கொண்டாலோ, கேபிள் எங்காவது மடங்கி இருந்தாலோ ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. அடைப்பு திறந்தபடியே நின்றுவிடும். கைப்பிடி ரப்பர் நகர்ந்து முனையில் உரசுவது, வண்டி கீழே விழுந்ததில் ஹேண்டில் பார் வளைவது, கைப்பிடியில் மாட்டிய துணி உறை இறுகிப்போவது, ஹேண்டிலில் தொங்கும் பையின் வார் சுற்றிக்கொள்வது ஆகியவையும் காரணங்கள்.

கியர் வண்டி என்றால்...

முதலில் கைப்பிடியை முன்பக்கமாக ஒரு முறை வேகமாக திருப்பி பார்க்க வேண்டும். ரப்பரோ, பையின் வாரோ தடுத்திருந்தால் இதிலேயே விடுபட்டுவிடும். வரவில்லை என்றால் மறுபடி மறுபடி அதையே திருகிக்கொண்டு இருக்கக்கூடாது.

உடனே கிளட்சை முழுசா பிடிக்க வேண்டும். கிளட்சை பிடித்துவிட்டால் என்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். என்ஜின் பயங்கரமாக சத்தம் போடும். அந்த சத்தத்தை கேட்டு பயந்து கிளட்சை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதுதான் பெரிய ஆபத்து. விட்ட நொடியில் வண்டி எகிறிப்பாயும். என்ஜின் கத்தினால் கத்தட்டும், கிளட்சை மட்டும் விடக்கூடாது.

வலது கை பக்கம் சிவப்பு நிற 'கில் சுவிட்ச்' இருந்தால் கட்டை விரலால் ஒரே தட்டு. என்ஜின் நின்றுவிடும். சாவியை அணைக்காததால் ஹாரன் அடிக்கும், வண்டியை பொறுத்து விளக்கும் எரியலாம். இரவு நேரத்தில் இது ரொம்ப முக்கியம்.

கில் சுவிட்ச் இல்லாத வண்டிகளும் நம்ம ஊரில் நிறைய ஓடுகின்றன. அவர்கள் கிளட்சை பிடித்தபடியே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, வண்டியை இடது ஓரத்தில் நிறுத்திவிட்டு அப்புறம் சாவியை அணைக்கலாம். ஓடும்போதே சாவியை தேடி கையை எடுத்தால் நிலைதடுமாற வாய்ப்பு உண்டு.

முன் பிரேக்கை வெடுக்கென பிடிக்கக்கூடாது. ஏ.பி.எஸ். வசதி இல்லாத வண்டியில் முன் சக்கரம் இறுகி வழுக்கி தூக்கி போட்டுவிடும். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் பின்னால் பாரம் ஏற்றிய லாரி வரும். அங்கே நடு ரோட்டில் நிற்பது அதைவிட ஆபத்து. என்ஜின் நின்ற பிறகும் வண்டி உருளும். அந்த ஓட்டத்திலேயே ஓரம் கட்டிவிட வேண்டும்.

ஸ்கூட்டர், மொபட் என்றால்...

இவற்றில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. ஸ்கூட்டரில் இடது கையில் இருப்பது பின் பிரேக். அதனால் பெண்களும் வயதானவர்களும் இதை கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு பிடிக்காமல், ஒரே சீராக அழுத்தி பிடிக்க வேண்டும். பிரேக் நல்ல நிலையில் இருந்தால் சின்ன ஸ்கூட்டரின் என்ஜினை அது அடக்கிவிடும். கில் சுவிட்ச் இருந்தால் உடனே அணைக்கலாம். இல்லை என்றால் வேகம் குறைந்ததும் இடது கை பிரேக்கை விடாமல் வலது கையால் சாவியை அணைக்க வேண்டும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சாவி வலது பக்கம்தான் இருக்கிறது. சாவியை 'ஆப்' வரை மட்டும் திருப்ப வேண்டும். அழுத்தி திருப்பினால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

ஸ்கூட்டரின் முன்னால் குழந்தையை நிற்க வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பிடிமானத்துக்கு கைப்பிடியை பிடித்து முறுக்கிவிடும். கடையில் நிற்கும்போது என்ஜினை அணைக்காமல் குழந்தையை வண்டியில் விட்டு இறங்குவதும் இதனாலேயே ஆபத்து.

சிக்கல் வண்டியிலா, கையிலா?

பல நேரம் கேபிளில் குறை எதுவும் இருக்காது. வண்டி திடீரென பாயும்போது உடம்பு பின்னால் சாயும். விழாமல் இருக்க கைப்பிடியை இறுக்கி பிடிப்பார்கள். அதில் ஆக்சிலேட்டர் இன்னும் முறுகும். புதிதாக ஓட்ட பழகுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வண்டி பாய்ந்தால் முதலில் மணிக்கட்டை தளர்த்த வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

என்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கி விட வேண்டும். 'டப்' என்று தானாக பழைய இடத்துக்கு வர வேண்டும். மெதுவாக நகர்ந்து வந்தால் கேபிளுக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்ப வேண்டும். என்ஜின் சத்தம் மாறக்கூடாது. திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் இறுக்கமாகவோ, தவறான வழியிலோ போகிறது. ஹேண்டில் பாரை மாற்றியவர்கள் இதை கண்டிப்பாக பார்க்க வேண்டும். ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதுதான் இந்த சோதனையை செய்ய வேண்டும்.

கைப்பிடியில் லேசான தளர்வு இருப்பது நல்லது. பல வண்டிகளில் இது 2 முதல் 6 மில்லி மீட்டர் வரை இருக்கும்.

இழுத்து கட்டி ஓட்டாதீர்கள்

ஒரு முறை சிக்கி, தானாக விடுபட்ட வண்டியை 'மெதுவா ஓட்டிட்டு போயிடலாம்' என்று மறுபடி எடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. அறுந்த இழை உள்ளேயேதான் இருக்கும். அடுத்த முறை சிக்கும்போது முன்னால் பஸ் நிற்கலாம். தள்ளிக்கொண்டாவது மெக்கானிக் கடைக்கு போவதே சரி.

இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும். சாதாரண வண்டிக்கு சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் செலவுகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்த கம்பியை நம்பித்தான் மொத்த குடும்பமும் வண்டியில் உட்கார்ந்து போகிறது.