குருவானவருக்கும் ஓய்வு வேண்டும்

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சேகரத்துக்குக் குருவானவர் ஒருவர். அவர் பொறுப்பில் சபைகளோ பல. காலையில் ஓரூரில் ஆராதனை, பகலில் வேறோரூரில் திருமணம், மாலையில் மற்றோரூரில் அடக்கம், இரவில் குடும்பச் சண்டைக்கு மத்தியஸ்தம். எல்லோரும் தம் துயரை அவரிடம் இறக்கி வைக்கிறோம். அவர் தம் துயரை யாரிடம் சொல்வார்?

விலங்கியல் பயிலும் நான் அறிந்ததைச் சொல்கிறேன். நெருக்கடி வேளையில் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலைச் சுரந்து உடலைக் காக்கிறது. நெருக்கடி ஓயாவிட்டால், காத்த சுரப்பே கேடாகும். உறக்கம் கெடும், மனம் வறளும். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இப்பணிச் சோர்வுக்கு மூன்று குறிகள் கூறியது: ஆற்றல் வறட்சி, வேலையில் கசப்பு, திறன் குறைவு. விசுவாசக் குறைவு அவற்றுள் ஒன்றன்று!

மருந்தோ பழையது. காலை முதல் மாலை வரை தனியே வழக்குத் தீர்த்த மோசேயைக் கண்டு, இப்படியானால் தளர்ந்துபோவாய் என எச்சரித்தார் மாமனார் எத்திரோ. பொறுப்பைப் பலருக்குப் பகிரச் சொன்னார். யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். சபைதோறும் உபதேசியாரும் மூப்பரும் சுமையைப் பகிரட்டும். ஞாயிறு நமக்கு ஓய்வு, அவருக்கு உழைப்பு; ஆதலால் வேறொரு நாளை அவருக்கென விட்டுவைப்போம். பக்கத்துச் சேகரத்துக் குருமாருடன் மனம்விட்டுப் பேசவும் வாய்ப்பு வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இதைச் சபையில் எடுத்துச் சொல்வார்களா?