காட்டுக்கோயிலுக்குச் செல்லும் வழி: உரிமையும் கடமையும்

பங்குனி உத்திரம் நெருங்கும்போது தென்மாவட்டங்களின் சாலைகள் நிறைந்துவிடுகின்றன. சென்னையிலும் பெங்களூருவிலும் மும்பையிலும் குடியேறிய குடும்பங்கள் தத்தம் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி ஊர் திரும்புகின்றன. அந்தக் கோயில்களில் பல ஊருக்குள் இருப்பதில்லை. கண்மாய்க் கரையிலும், ஓடையோரத்திலும், பனைமரக் கூட்டத்தின் நடுவிலும், விளைநிலங்களுக்கு அப்பாலும் அவை அமைந்திருக்கின்றன. வழிபாடு முடிந்ததும் பெரியவர்கள் மரநிழலில் இளைப்பாறுகிறார்கள். நகரத்தில் வளரும் குழந்தைகள் திறந்த வெளியில் ஓடி விளையாடுகிறார்கள். பல குடும்பங்களுக்கு ஆண்டில் ஒருநாள் கிடைக்கும் கிராமத்து இன்பம் இதுவே.

மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையில் உள்ள எப்போதும்வென்றான், சோலைசாமி கோயிலால் பெயர்பெற்ற ஊர். தை, மாசி மாதங்களில் திருச்செந்தூருக்குப் பச்சை ஆடை உடுத்தி நடந்து செல்லும் முருக பக்தர்களை இந்தச் சாலையில் காணலாம். சாலையைவிட்டுச் சற்று விலகினால் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் நிலம். பருத்தி, மிளகாய், உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு என்று வானம் பார்த்து விளையும் பூமி. விளைநிலத்தையே மக்கள் ‘காடு’ என்று அழைக்கும் இந்த வட்டாரத்தில், பெரும்பாலான காடுகளுக்கு வேலி கிடையாது. வேலி இல்லாத இடமெல்லாம் எல்லோருக்கும் பொது என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் எண்ணிவிடுவது இயல்பே. உண்மை அதுவன்று.

வழி யாருடையது?

கோயிலுக்குச் செல்லும் வழிகள் மூவகைப்படும். முதலாவது, வருவாய்த்துறைப் பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் வண்டிப்பாதை என்றோ நடைபாதை என்றோ குறிக்கப்பட்ட புறம்போக்கு நிலம். இதில் நடக்க யாரும் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. இதனை உழுது சேர்த்துக்கொள்ளவோ, முள் வெட்டிப்போட்டு அடைக்கவோ எவருக்கும் உரிமை இல்லை. அவ்வாறு அடைக்கப்பட்டால் வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, அளந்து மீட்கக் கோரலாம்.

இரண்டாவது, பட்டா நிலத்தின் ஊடாகச் சென்றாலும் நெடுங்கால ஊர் வழக்கத்தால் நிலைபெற்ற வழி. இத்தகைய வழக்கங்களை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் உரிமை அந்தத் தடத்தோடு நின்றுவிடும். தடத்தின் இருபுறமும் உள்ள நிலத்துக்கு அது நீளாது.

மூன்றாவது, நிலத்துக்காரர் மனமுவந்து விட்டுக்கொடுத்த வழி. “சாமி கும்பிட வருகிறவர்கள், போகட்டும்” என்ற நல்லெண்ணத்தால் மட்டுமே திறந்திருப்பது. அனுமதியின் பேரில் நடந்த வழி, எத்தனை ஆண்டுகள் ஆனாலும், அதனால் மட்டுமே உரிமையாக மாறிவிடாது. நிலத்துக்காரர் மனம் கசந்து கம்பிவேலி போட்டுவிட்டால், தலைமுறைகளாக வழிபட்டுவந்த தெய்வத்தை அடைய வழியின்றிப் போகும். காட்டுக்கோயில்கள் பலவற்றுக்கு இன்றும் இந்த மூன்றாவது வகை வழியே உள்ளது என்பதை அன்பர்கள் மறக்கலாகாது.

தீய நோக்கமின்றி வழிதவறி ஒருவர் காட்டுக்குள் காலடி வைத்ததனாலேயே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. எனினும் பயிர் அழிந்தால் இழப்பீடு கேட்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு.

கரிசலின் இயல்பு

இந்த மண்ணின் இயல்பை அறிந்தவர்களுக்கே அழிவின் அளவு புரியும். மழை பெய்தால் கரிசல் களியாகக் குழைந்து காலைப் பற்றிக்கொள்ளும். தடத்தில் நடக்க முடியாதவர்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். அடுத்து வருபவர்கள் இன்னும் சற்று ஒதுங்குவார்கள். ஓரடித் தடம் இப்படியே பத்தடியாக அகன்றுவிடும். மிதிபட்டு இறுகிய மண்ணில் அடுத்த விதைப்பு சரியாக முளைக்காது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு ஒரே பருவத்தை நம்பியிருக்கும் மானாவாரி விவசாயிக்கு அந்தப் பத்தடியும் வருமானம்தான்.

பங்குனியில் மிளகாயைப் பறித்துக் களத்தில் வற்றலாக உலர்த்தியிருப்பார்கள். காரைத் திருப்புவதற்கு வசதியான வெற்றிடம் என்று ஓட்டுநர் அதன்மேல் ஏற்றிவிட்டால், ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு நொறுங்கிப்போகும். சோளத்தட்டையும் பனையோலையும் காய்ந்து கிடக்கும் அந்த நாட்களில், பொங்கல் அடுப்பை அணைக்காமல் புறப்படுவதும் பேராபத்தில் முடியலாம். அறுவடை முடிந்த காடுகளில் கிடை போடும் ஆடுகள், உணவின் மணம் ஒட்டிய நெகிழிப் பைகளைத் தின்று மடிகின்றன. உடைந்த பாட்டில் துண்டு, அடுத்த உழவில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தைக் கிழிக்கிறது.

மலையிலும் வனத்திலும்

அருகிலுள்ள கழுகுமலையில் கழுகாசலமூர்த்தியைத் தரிசித்தபின் குடும்பங்கள் மலையேறி வெட்டுவான் கோயிலைக் காண்கின்றன. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முற்றுப்பெறாமல் நின்றுபோன அரிய கோயில் அது. சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அதே மலையில் உள்ளன. அனைவரும் காணத் திறந்திருக்கும் அந்தப் பாறையில் தன் பெயரைக் கீறிவைக்க எவருக்கும் உரிமை இல்லை; அது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

பாபநாசம் மலைமேலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயில், 1988இல் உருவான களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே குடில் அமைத்துத் தங்கி வழிபடுவது பரம்பரை வழக்கம். இன்று தங்கும் நாட்களுக்கு வரையறை உண்டு. சோதனைச் சாவடியில் நெகிழிப் பொருள்கள் தடுக்கப்படுகின்றன. இது பக்திக்கு இடையூறு என்று சிலர் வருந்துகின்றனர். வழிபாட்டு உரிமையை வழங்கும் அதே அரசியலமைப்பு, இயற்கையையும் உயிரினங்களையும் காப்பது குடிமகனின் கடமை என்று 51ஏ பிரிவில் கூறுகிறது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். தாமிரபரணியில் பழைய துணிகளை விடுவதால் நதிக்கு நேரும் கேட்டினைப் பாபநாசம் படித்துறையில் நேரிலேயே காணலாம்.

வெளிநாடுகளிலும் இந்த இரண்டும் இணைந்தே வளர்ந்துள்ளன. இங்கிலாந்தில், பெருநிலக்கிழார்கள் அடைத்துவைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் 1932ஆம் ஆண்டு நடைப்பயணிகள் திரண்டு நுழைந்தனர்; ஐவர் சிறை சென்றனர். மலைகளிலும் தரிசு வெளிகளிலும் நடக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு விரிவாக வழங்கிய சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அந்த உரிமையோடு நடைமுறைக் குறிப்புகளும் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன: வாயிற்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்க, நாயைக் கட்டுக்குள் வைத்திருங்கள், குப்பையை வீட்டுக்கே எடுத்துச் செல்க.

அன்பர்கள் கைக்கொள்ள வேண்டியவை

புறப்படுவதற்கு முன்பே ஊரில் உள்ள உறவினரிடமோ பூசாரியிடமோ வழி எவ்வாறு உள்ளது, எந்தக் காட்டில் பயிர் நிற்கிறது என்று கேட்டறிதல் நலம். வாகனத்தைச் சாலையோரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தடத்தில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். நிலத்துக்காரரைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லி, பிரசாதத்தில் ஒரு பங்கை அவருக்கும் கொடுப்பது பழைய மரபு.

தூர்வாரிய கண்மாய்களில் தண்ணீருக்கு அடியில் ஆழமான பள்ளங்கள் இருக்கலாம். பிள்ளைகளைத் தனியே இறங்க விடக்கூடாது. மடையையும் கரையையும் சிதைக்கலாகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டவை. வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டுமே போதுமானவை. அடுப்பில் நீர் ஊற்றி, சாம்பலைத் தொட்டுப்பார்த்த பின்பே கிளம்ப வேண்டும். இரவில் பாதயாத்திரை செல்வோர் ஒளிரும் பட்டை அணிவது அவசியம்.

ஊரையும் கண்மாயையும் விளைநிலத்தையும் காப்பதற்காகவே முன்னோர்கள் காவல் தெய்வங்களை ஊர் எல்லையில் அமர்த்தினார்கள். அவற்றுக்குக் கேடு செய்துவிட்டு அந்தத் தெய்வத்தின் முன் கைகூப்புவது முறையாகாது. இந்தப் பங்குனியில் குடும்பத்தோடு செல்பவர்கள், வந்த தடம் தெரியாமல் திரும்பினால், அடுத்த ஆண்டும் அந்த வழி திறந்திருக்கும்.