அச்சம்: திரையிலும் வாழ்விலும்

திகில் படம் ஒன்றில் இருண்ட வீட்டில் ஒரு பெண் தனியே நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் கதவு மெல்லத் திறக்கிறது. அவள் ஓடவில்லை, கூவவும் இல்லை. "ஓடாமல் ஏன் நிற்கிறாள்?" என்று பார்ப்போர் சலித்துக்கொள்வர். ஆபத்தில் சிக்கிய மனிதர் உண்மையில் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதை அறிந்தால், இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

அச்சம் உள்ளத்தில் தோன்றி உடலில் வெளிப்படுவது. உள்ளத்து உணர்வு இவ்வாறு உடலின்வழிப் புலப்படுவதைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்கிறது. அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அப்போது உடலினுள் நிகழ்வதை இன்றைய அறிவியல் விளக்குகிறது. மூளை ஆபத்தை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் இயக்குநீரைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. இதனை அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார்.

மூன்றாவது நிலையும் ஒன்று உண்டு. அது உறைந்துபோதல். புதரருகே ஓசை கேட்ட முயல் அசையாமல் நிற்கும். அசைவனவே வேட்டை விலங்கின் கண்ணில் எளிதில் படும்; ஆகவே அசையாமையும் ஒரு பாதுகாப்பே. மனிதருக்கும் இவ்வாறே கால் நகராது, குரல் எழாது போவதுண்டு. இது கோழைத்தனமன்று, உடலின் இயல்பு. எனவே திரையில் திகைத்து நிற்கும் பெண் பொய்யானவள் அல்லள். மேலும், கதவு திறப்பதைப் பார்ப்போர் காண்கின்றனர்; அவள் காணவில்லை. அவள் திகைக்கும் சில நொடிகளை இயக்குநர் நீட்டிக் காட்டுவதும் உண்டு.

அச்சம் மனத்தின் கவனத்தைக் குறுக்கிவிடும். 1967இல் வெளிவந்த 'வெயிட் அன்டில் டார்க்' என்னும் ஆங்கிலப் படத்தில், கண்பார்வையற்ற சூசி தன் வீட்டில் கொலைகாரனிடம் சிக்குகிறாள். இருளில் தனக்கே வலிமை மிகுதி என்று உணர்ந்து, விளக்குகளை உடைத்து அணைக்கிறாள். ஆனால், குளிர்பதனப் பெட்டியினுள் இருக்கும் விளக்கை மறந்துவிடுகிறாள். கொலைகாரன் பெட்டியைத் திறக்க, ஒளி பரவுகிறது. அறிவுள்ளவரும் அச்சத்தில் ஒன்றை மறப்பர் என்பதற்கு இக்காட்சி பொருத்தமான சான்று.

ஹிட்ச்காக் இயக்கிய 'ரியர் விண்டோ' (1954) படத்தின் நாயகன் ஒரு புகைப்படக் கலைஞன். கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருப்பதால் அவனால் ஓட இயலாது. கொலைகாரன் நெருங்கும்போது, புகைப்படம் எடுக்க உதவும் மின்னொளி விளக்கை மீண்டும் மீண்டும் ஒளிரச்செய்து அவன் கண்களைக் கூசவைக்கிறான். அச்சத்தில் அவன் கை, தனக்குப் பழகிய கருவியையே நாடியது.

வாழ்விலும் பழக்கமே கைகொடுக்கும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஏற்பட்டன. கமைஷி நகரின் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவர் உடனே மேட்டை நோக்கி ஓடினர். அருகிலிருந்த தொடக்கப் பள்ளிச் சிறுவரும் உடன் சென்றனர். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று கண்டு, மூத்தோர் சிறுவரைக் கைபிடித்து இன்னும் உயரத்திற்கு அழைத்துச் சென்றனர். அலை பள்ளிகளைச் சூழ்ந்தது. மேட்டிற்கு ஓடிய மாணவர் உயிர் தப்பினர். அவர்களும் அஞ்சாதவர் அல்லர். செய்ய வேண்டியதை முன்பே பயின்றவர்கள்.

பள்ளியில் நடைபெறும் தீ, நிலநடுக்கப் பயிற்சிகளின் பயன் இதுவே. அச்சம் வரும்போது புதிதாகச் சிந்திக்க நேரம் இராது, பயின்றதே முன்வரும். ஆபத்தில் உறைந்து நின்ற ஒருவரை எள்ளுதல் தகாது. அவர் கையைப் பற்றி அழைத்துச் செல்வதே உதவி.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
ஆயத்தம் – தயார் நிலை
ஆழிப்பேரலை – சுனாமி
எள்ளுதல் – இகழ்ந்து சிரித்தல்

வினாக்கள்
1. அச்சத்தின்போது உடலில் நிகழும் மாற்றங்கள் யாவை?
2. சூசி மறந்தது என்ன? அம்மறதி எதனை உணர்த்துகிறது?
3. உங்கள் பள்ளியில் நடைபெற்ற பாதுகாப்புப் பயிற்சி ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.