மன வருத்தமும் ஈமானும்: நஜீப் மஹ்பூழின் 'யாசகன்' நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

மனம் சோர்ந்து ஒடுங்கிப் போன ஒருவரைப் பற்றி நமது ஊர்களில் பெரும்பாலும் இரண்டு விதமாகவே பேசப்படுகிறது. "ஈமான் கொறஞ்சி போச்சி, அதான் இப்படி" என்பது ஒன்று. "ஆளுக்கு மூளை சரியில்ல, அங்கொடைக்குத்தான் கொண்டு போகணும்" என்பது மற்றொன்று. முதலாவது அவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது அவரை மனிதர் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. அவருக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நல்ல புனைகதை கேட்கிறது. இதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்பூழ் 1965இல் வெளியிட்ட 'அஷ்ஷஹ்ஹாத்' எனும் சிறு நாவல். 'யாசகன்' என்பது அதன் பொருள்.

மஹ்பூழ் கெய்ரோவில் மெய்யியல் பயின்று 1934இல் பட்டம் பெற்றவர். 1988இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். கெய்ரோவின் தெருக்களையும் குடும்பங்களையும் விரிவாக எழுதிய அவர், 1960களில் ஒரு தனிமனிதனின் மனத்துக்குள் இறங்கி எழுதத் தொடங்கினார். 'யாசகன்' அந்தக் காலத்துப் படைப்பு.

நாவலின் நாயகர் உமர் அல்ஹம்ஸாவி நாற்பத்தைந்து வயதுச் சட்டத்தரணி. பணமும் பெயரும் உண்டு. காதலித்து மணந்த மனைவி ஸைனப். இரண்டு பெண் பிள்ளைகள். இளமையில் அவர் கவிஞர், சோசலிசவாதி. இப்போது எதிலும் மனம் பற்றவில்லை. வேலையும் கசக்கிறது, வீடும் கசக்கிறது. பள்ளித் தோழரான வைத்தியரிடம் போகிறார். அவரோ உடம்பில் ஒரு நோயும் இல்லை, சாப்பாட்டைக் குறைத்து நட என்கிறார்.

இந்தச் சோர்வு எங்கே தொடங்கியது என்பதை மஹ்பூழ் ஒரு சின்ன உரையாடலில் காட்டுகிறார். காணி வழக்குக்காக வந்த கட்சிக்காரரிடம் உமர், இன்று நீங்கள் வென்று நாளை அரசாங்கம் காணியை எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். அல்லாஹ் ஒருநாள் எடுத்துக்கொள்வான் என்று தெரிந்துகொண்டேதானே நாம் எல்லாரும் வாழ்கிறோம் என்ற கருத்தில் பதில் வருகிறது. சொன்னவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கேட்டவருக்கோ தலை சுற்றுகிறது. ஒரே சொல் ஒருவருக்கு ஆறுதலாகவும் மற்றவருக்கு அடியாகவும் விழுகிறது. புத்திமதி சொல்லப் போகும் நாம் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

அதன் பின் உமர் இரவு விடுதிகளில் அலைகிறார். ஒரு நடனக்காரியோடு வாழ்கிறார். ஒருநாள் பாலைவனத்து விடியலில் சொல்ல முடியாத ஓர் ஆனந்தம் அவரைத் தொடுகிறது. அதை மறுபடி தேடித் தனிக் குடிலில் ஒதுங்குகிறார். அது திரும்பி வரவில்லை. மகன் பிறந்தும் மனம் வீட்டில் தங்கவில்லை. சிறையிலிருந்து மீண்ட பழைய தோழர் உஸ்மான், மக்களுக்காகப் போராடுவதே வாழ்வின் பொருள் என்கிறார். கலையைக் கைவிட்டு வேடிக்கை நிகழ்ச்சிகள் எழுதும் முஸ்தபா, சிரித்துக் கடந்து போ என்கிறார். ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். எல்லாம் சொன்னவரின் வாழ்க்கைக்குப் பொருந்துகிறது, உமரின் நோவுக்குப் பொருந்தவில்லை. இறுதியில் உஸ்மானைத் தேடி வரும் பொலிஸின் குண்டு உமரையும் காயப்படுத்துகிறது. அவர் தேறினாரா என்பதை மஹ்பூழ் சொல்லாமலே நாவலை முடிக்கிறார்.

"இக்கதை கூறும் படிப்பினை யாது?" என்று வினாத்தாளில் கேட்டுப் பழகிய நமக்கு இந்த முடிவு சங்கடமாக இருக்கும். ஆனால் உமரின் நடத்தையை நாவல் நியாயப்படுத்தவில்லை. ஸைனபின் காத்திருப்பையும் பிள்ளைகளின் தவிப்பையும் அது மறைக்காமல் காட்டுகிறது. அதே நேரம் உமரைத் தள்ளியும் வைக்கவில்லை. மன வருத்தம் ஒருவரை எப்படித் தன்னைச் சுற்றியுள்ளவர்களையே காணாதவராக்குகிறது என்பதை உள்ளிருந்து காட்டுகிறது.

இதை வாசிக்கும்போது எனக்கு சூரா யூஸுப் நினைவுக்கு வருகிறது. மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அதே நபிதான் சில வசனங்கள் கழித்து, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். கண் போகுமளவு துக்கமும், இழக்காத நம்பிக்கையும் ஒரே உள்ளத்தில் இருந்திருக்கின்றன. அப்படியானால், துக்கப்படுபவரைப் பார்த்து ஈமான் இல்லாதவர் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. சீனி வருத்தத்துக்கு ஓதியும் பார்க்கிறோம், மருந்தும் எடுக்கிறோம். மன வருத்தத்துக்கு மட்டும் வைத்தியரிடம் போக ஏன் வெட்கம்? உமருக்குக் கிடைக்காதது, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் பொறுமையாக இருக்கும் ஓர் ஆள். நமது வீடுகளில் அந்த ஆளாக இருக்க நம்மால் முடியும்.