பல்பு நல்லாத்தான் இருக்கு... ஏன் எரியலை?
(பக்கவாதமும் மனச்சோர்வும்)



ஒயரிங் லேபில் நம் எல்லாருக்கும் நடந்த அனுபவம்தான் இது. சுவிட்சைப் போட்டால் பல்பு எரியாது. பல்பைக் கழற்றி வேறு ஹோல்டரில் மாட்டினால் ஜம்மென்று எரியும். ஹோல்டரிலும் குற்றமில்லை. கடைசியில் பார்த்தால் நாலு அடி தள்ளி ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஒரு ஒயர் விட்டுப் போயிருக்கும். இருட்டு ஒரு இடத்தில், பழுது வேறு இடத்தில். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு மாதத்தில் கால் ஓரளவு தேறியது. ஆள் தேறவில்லை. யார் வந்தாலும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். சாப்பாடு இறங்காது. விடியக்காலை மூணு மணிக்கே முழித்துக்கொண்டு சும்மா படுத்திருப்பார். பயிற்சி செய்யச் சொன்னால் "எதுக்கு?" என்பார். "மனசை விட்டுட்டார், கொஞ்சம் தைரியமா இருக்கக் கூடாதா?" என்று வீட்டில் எல்லாரும் திட்டினோம். நானும்தான் திட்டினேன். அது தைரியம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பக்கவாதத்தில் நடப்பது என்ன?

நம் மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடம்பின் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. இந்த சப்ளை இரத்தக் குழாய் வழியாக வருகிறது. குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ, சில நிமிடங்களிலேயே அந்தப் பகுதி செல்கள் சாக ஆரம்பிக்கும். இதுதான் பக்கவாதம். இடது மூளை வலது பக்க உடம்பை ஆள்கிறது. அதனால்தான் இடது மூளையில் அடைப்பு வந்தால் வலது கை, கால் விழுகிறது.

கை கால் விழுவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அது வந்தவர் பயிற்சியில் பின்தங்குகிறார். பழைய நிலைக்குத் திரும்புவது தாமதமாகிறது. உயிருக்கு ஆபத்தும் கூடுகிறது.

"கை கால் போனா யாருக்குத்தான் கவலை வராது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கவலையும் ஒரு காரணம்தான். ஆனால் 1977-இல் அமெரிக்காவில் டாக்டர் ஃபோல்ஸ்டீன் குழுவினர் இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்தார்கள். பக்கவாத நோயாளிகள் 20 பேர். அதே அளவுக்கு நடமாட்டம் குறைந்த எலும்பு நோயாளிகள் 10 பேர். பக்கவாதக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. எலும்பு நோயாளிகளில் ஒருவருக்குத்தான் இருந்தது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் கஷ்டம் ஒன்றாக இருக்கும்போது சோர்வு ஏன் வேறுபடுகிறது? அடிபட்டது மூளையே என்பதும் காரணமாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது அல்லவா?

பழுது எந்த இடத்தில்?

அப்படியானால் மூளையில் எந்த இடம் கெட்டால் மனச்சோர்வு வரும்? இடது பக்க முன்மூளை அடிபட்டால்தான் அதிகம் வருகிறது என்று அமெரிக்காவின் டாக்டர் ராபின்சன் சொன்னார். பல வருடம் இந்தக் கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. ஆனால் 2000-இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, அடிபட்ட இடத்துக்கும் மனச்சோர்வுக்கும் அப்படி ஒரு நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை. ஒருவருக்கு இங்கே அடி, இன்னொருவருக்கு அங்கே அடி. இருவருக்கும் அதே சோர்வு!

இதற்கான விடையின் ஒரு நுனி 1914-லேயே கிடைத்திருந்தது. சுவிட்சர்லாந்தில் வேலை செய்த மொனாக்கோவ் என்ற நரம்பியல் மேதை, மூளையில் ஒரு இடம் அடிபட்டால் அதனோடு இணைந்திருக்கும் தூரத்து இடமும் வேலை குன்றிப் போகும் என்று எழுதினார். நம் ஜங்ஷன் பாக்ஸ் கதைதான்! ஆனால் அதை உயிரோடு இருப்பவரின் மூளையில் பார்க்க அன்றைக்குக் கருவி இல்லை.

மண்டையைத் திறக்காமல் ஒயரிங் பார்ப்பது எப்படி?

இரண்டு தெருக்களில் ஒரே நேரத்தில் லைட் மங்குகிறது, ஒரே நேரத்தில் பளிச்சென்று ஏறுகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் ஒரே லைனாகத்தான் இருக்கும் என்று நாம் சொல்லிவிடுவோம். கம்பத்தில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. மூளையிலும் இதே யுக்திதான்.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே இரத்த ஓட்டம் கூடும், இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மாறும். இந்த மாற்றத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பிடிக்கலாம் என்று 1990-இல் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா. 1995-இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பரத் பிஸ்வால் ஒரு படி மேலே போனார். ஆட்கள் ஸ்கேனுக்குள் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தார்கள். அப்போதும் கையை அசைக்கும் இடது மூளைப் பகுதியும் வலது மூளைப் பகுதியும் மெதுவாகச் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கும் இடங்களை ஒரு 'வலை' என்கிறார்கள். எவ்வளவு ஒற்றுமையாக ஏறி இறங்குகின்றன என்பதுதான் இணைப்பின் அளவு.

இவற்றில் இரண்டு வலைகள் நமக்கு முக்கியம். ஒன்று, சும்மா இருக்கும்போது ஓடும் வலை. நம்மைப் பற்றியும் நடந்ததைப் பற்றியும் அசை போடுவது இதன் வேலை. 2001-இல் டாக்டர் ரெய்க்கிள் குழுவினர் இதை விவரித்தார்கள். இன்னொன்று, நெற்றிப் பக்கம் இருக்கும் கட்டுப்பாட்டு வலை. கவனம், திட்டம், "எழுந்திரு, வேலையைப் பார்" என்பதெல்லாம் இதன் பொறுப்பு.

பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வந்தவர்களிடம் இந்த வலைகளின் இணைப்பு மாறியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பிரான்சில் ஒரு குழு பக்கவாதம் வந்த சுமார் 10 நாளில் எடுத்த ஸ்கேனையும் 3 மாதம் கழித்து இருந்த சோர்வின் கடுமையையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டது. அசை போடும் வலையில் தெரிந்த மாற்றத்துக்கும் பிந்தைய சோர்வுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சிலரையே சோதித்திருக்கிறார்கள். சிலவற்றில் இணைப்பு கூடியதாகவும் சிலவற்றில் குறைந்ததாகவும் வருகிறது. எனவே ஸ்கேன் ஒன்றை மட்டும் பார்த்து இந்த நோயைச் சொல்ல முடியாது.

2019-இல் வந்த ஆய்வு பெரியது. மூளையில் காயம்பட்ட 461 பேரின் காயங்களை எடுத்து, ஆரோக்கியமானவர்களின் மூளை இணைப்பு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு வந்தவர்களின் காயங்கள் ஒரே இடத்தில் இல்லை, சிதறிக் கிடந்தன. ஆனால் அந்த இடங்கள் ஒரே சுற்றோடு இணைந்திருந்தன. அந்தச் சுற்றின் முக்கியமான முனை இடது நெற்றிப் பக்கத்து மூளை. மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சைக்கு 2008-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததே, அந்தச் சிகிச்சையில் காந்தத்தை வைப்பதும் பெரும்பாலும் இதே பக்கம்தான்!

நாம் என்ன செய்யலாம்?

முதலில், கேட்கலாம். "இந்த ரெண்டு வாரமா எதிலயும் விருப்பம் இல்லாம இருக்கா? மனசு பாரமா இருக்கா?" இந்த இரண்டு கேள்விக்கும் செலவு ஒன்றுமில்லை. பேச்சு போனவர்களிடம் தூக்கம், சாப்பாடு, அழுகை, முகம் இவற்றைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு.

பக்கவாதம் வந்த எல்லாருக்கும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன? பிரிட்டனில் 3,127 பேரிடம் ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரையைச் சோதித்து, முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது. ஆனால் எலும்பு முறிவு கூடியது. கை கால் மீட்சியில் பலன் இல்லை. ஆகவே யாருக்கு நோய் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பதே சரி. "செத்துப் போனா தேவலை" என்று யாராவது சொன்னால் அதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல உதவி எப்போதும் கிடைக்கிறது.

ஒரு விஷயத்தில் நம் ஒயரிங் உதாரணம் தோற்றுப் போகிறது. அறுந்த ஒயர் தானாக வேறு பாதை தேடாது. மூளை தேடும். பயிற்சியும் பழக்கமும் சேரச் சேர, மிஞ்சிய செல்கள் புதுத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும். ஆனால் பயிற்சி செய்ய மனசு எழ வேண்டுமே! அதனால்தான் கை காலுக்குக் கொடுக்கும் வைத்தியத்தோடு மனச்சோர்வுக்கும் வைத்தியம் வேண்டும்.

பெரியப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாயம் ஒன்றும் நடக்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், "அந்தப் பந்தைக் கொடுடா" என்று பயிற்சிப் பந்தைக் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவரைத் திட்டுவதில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் பேசாமல் படுத்திருந்தால், "பல்பு போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள் நண்பர்களே. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை