பாட்டை ஒருமுறைதான் சுருக்கலாம்

'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று செல்போன் கடைகள் எழுதித் தொங்கவிட்ட காலத்தில், கார்டில் எத்தனை பாட்டு என்பதுதான் பேச்சே. 2 ஜிபிக்குள் எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் ரஹ்மானும் சீர்காழியும் அடங்க வேண்டும். அதற்காக ஏற்கெனவே 128 கேபிபிஎஸ்ஸில் இருந்த எம்பி3 பாட்டை 64-க்கு இறக்கினார்கள். பிறகு போன்களில் இடம் தாராளமானது. அதே பாட்டு '320' என்ற பெயரில் திரும்பி வந்தது. ஏறியது கோப்பின் அளவு மட்டும்தான். போன ஒலி போனதுதான்.

இந்த எண் எதைச் சொல்கிறது? சிடியில் ஒரு விநாடி இசை 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட்டாக, இடம் வலம் என இரண்டு சானல்களில் பதிவாகிறது. பெருக்கினால் விநாடிக்கு 1,411 கிலோபிட், அதாவது 1,411 கேபிபிஎஸ். இந்த எண்தான் பிட்ரேட். ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கைத்தான் வைத்துக்கொள்கிறது. மீதியைத் தூக்கி எறிந்தும் பாட்டு பாட்டாகவே கேட்பதற்குக் காரணம் நம் காது. உரக்க ஒலிக்கும் ஒரு சுரம், தனக்கு அண்டையில் மெல்ல ஒலிப்பதை மறைத்துவிடும். மறைந்தது எதுவென்று கணக்கிட்டு அதை விட்டுவிடுவதுதான் இந்த வித்தை. ஜெர்மனியின் எர்லாங்கனில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் உடனிருந்தவர்களும் இதைச் செம்மைப்படுத்தியபோது, அவர்களைத் திணறடித்தது பெரிய வாத்திய இசை அல்ல. பக்கவாத்தியமே இல்லாமல் சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்'. தனிக்குரலில் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை.

நம் இசையில் அந்தப் பிழை முதலில் வெளிப்படுவது தாளத்தில். எம்பி3 இசையை ஏறக்குறைய 13 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. ஒரு துண்டின் நடுவில் மிருதங்கத்தின் சாப்பு விழுந்தால், கணக்கில் நேர்ந்த பிசிறு துண்டு முழுவதும் பரவும். அதாவது அடி விழுவதற்கு முன்பே அதன் அழுக்கு காதில் விழும். இதைத் தடுக்கத் துண்டுகளைச் சிறிதாக்கும் வழி எம்பி3-யிலேயே உண்டு. ஆனால் அதற்குக் கூடுதல் பிட் வேண்டும். 96-இல், 64-இல் அது கிடைக்காது. அதனால்தான் குறைந்த பிட்ரேட்டில் கடத்தின் 'டங்' மழுங்குகிறது, மோர்சிங் கலங்குகிறது. கச்சேரி முடிவில் எழும் கைதட்டல் இன்னும் மோசம்: நூற்றுக்கணக்கான தனித்தனி அடிகள் குழைந்து ஒரே இரைச்சலாகிவிடும்.

ஆகவே உங்கள் போனுக்கு எந்த அளவு போதும் என்று பார்க்க, ஆர்ப்பாட்டமான குத்துப்பாட்டு உதவாது. ஒரு தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அசலையும் சுருக்கியதையும் எதுவென்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது எண்ணின் பக்கம் சாய்ந்துவிடும்.

என் தேர்வைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் மட்டும் கேட்பதென்றால் ஓபஸ், 128. 2012-இல் தரநிலையான இந்த முறை, அதே அளவில் எம்பி3-ஐத் தெளிவாக மிஞ்சுகிறது. ஐபோன் என்றால் ஏஏசி, 192 அல்லது 256. கார் ஸ்டீரியோவிலும் பழைய பிளேயரிலும் ஓட வேண்டுமென்றால் எம்பி3தான். அப்போது பிட்ரேட்டை ஒரே எண்ணில் கட்டிப்போடாமல் 'விபிஆர்' தேர்ந்தெடுங்கள். ஆலாபனையின் நடுவே வரும் மௌனத்துக்கும் கோர்வைக்கும் ஒரே அளவு பிட் எதற்கு? எம்பி3 ஆக்கும் லேம் மென்பொருளில் 'வி2' என்ற தரம் வைத்தால் சராசரி 190 கேபிபிஎஸ் சுற்றி நிற்கும். எனக்கு அது நிறைவாகவே இருக்கிறது. 1970-கள் வரை வந்த திரைப்பாடல்களில் பெரும்பாலானவை மோனோ. அவற்றைச் சுருக்கும்போதும் மோனோ என்றே வைத்தால் பாதி இடத்தில் அதே தரம் கிடைக்கும்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரப்படுத்துவதை போனில் தேட வேண்டியதில்லை. சிடியின் விநாடிக்கு 44,100 மாதிரிகளே, அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸே, 22,000 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். மனிதக் காதின் எல்லை 20,000. வயது ஏற ஏற அதுவும் இறங்கும்.

ஆப்பில் கேட்பவர்கள் செட்டிங்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் டவுன்லோடுக்கும் தனித்தனித் தரம் வைக்க ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்கள் இடம் தருகின்றன. 320-இல் ஒரு மணி நேரம் கேட்டால் செலவாவது 144 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு அஞ்சி 24-இல் கேட்பது வீண் சிக்கனம்.

புளூடூத்தை மறக்கக் கூடாது. போன் பாட்டை விரித்து, ஹெட்செட்டுக்கு அனுப்ப மறுபடியும் சுருக்குகிறது. எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி முறை வழக்கமாக 328 கேபிபிஎஸ்ஸைத் தாண்டாது. சோனியின் எல்டாக் 990 வரை போகும், ஆனால் போன், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும். சாதாரண புளூடூத் இயர்பட்டில் கேட்பவர் போனை இழப்பில்லாத ஃபிளாக் கோப்புகளால் நிரப்புவதில் பயனில்லை. வயர் ஹெட்போன் வைத்திருப்பவருக்கே அது சற்றேனும் பொருள் தரும்.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபிளாக் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது எதையும் எறியாமல் சுருக்கும். விரித்தால் அசலில் இருந்த ஒவ்வொரு பிட்டும் திரும்பி வரும். போனுக்கான பிரதியை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் புதிதாக எடுக்கலாம். எம்பி3-இலிருந்து ஏஏசி, ஏஏசியிலிருந்து ஓபஸ் என்று மாற்றுவது, ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பதுதான். முந்தைய பிழையையும் இசை என்றே நினைத்து அடுத்த முறை அதற்கும் பிட் செலவழிக்கும். கையில் இருக்கும் '320' அசல்தானா என்று சந்தேகம் வந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரித்தது போல வெறுமையாக இருந்தால், அது அநேகமாக 128-இலிருந்து ஊதிப் பெருக்கியது.

இதில் மிக அவசரமானது கேசட். அப்பா சபாவில் பதிவு செய்தது, ஊர்க் கோயில் நாகசுரம், கடையில் மறுபடி வராத வில்லுப்பாட்டு எல்லாம் இன்று பலர் வீட்டில் போனுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பலர் டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கருக்கு எதிரே போனை வைத்து, பேச்சுக்கென்று அமைந்த வாய்ஸ் ரெக்கார்டரில் பதிவு செய்துவிட்டு கேசட்டைக் குப்பையில் போடுகிறார்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் போட்டு கம்ப்யூட்டரில் ஃபிளாக்காக ஏற்றுங்கள். ஒரு மணி நேரக் கேசட் 400 எம்பி அளவில் நிற்கும். நூறு கேசட் வைத்திருப்பவருக்கும் ஒரு 64 ஜிபி பென் டிரைவ் போதும். இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள்.